காஸ்ட்கோ: 98 சதவீத வாக்கும் ரசீதில் ஒரு கோடும்

சந்தா கட்டாமல் அமெரிக்கக் கிடங்குக் கடையான காஸ்ட்கோவில் வண்டியைத் தள்ள முடியாது. சாதாரண அட்டை வருஷத்துக்கு 65 டாலர், எக்ஸிக்யூட்டிவ் அட்டை 130. மேல் அட்டை வைத்திருந்தால் வாங்கியதில் 2 சதவீதம் திரும்ப வரும். உச்சவரம்பு 1,250 டாலர். கூடுதலாகக் கட்டும் 65ஐ மீட்க வருஷத்துக்கு 3,250 டாலருக்கு, அதாவது மாதம் சுமார் 270க்கு, சாமான் வாங்க வேண்டும். பெட்ரோலும் உணவுக் கூடத்துச் சாப்பாடும் இந்தக் கணக்கில் சேராது. 20 பவுண்டு பாஸ்மதி மூட்டை, நெய், பாதாம் என்று வண்டியை நிரப்பும் வீட்டுக்கு அது எட்டுகிற தொகைதான்.

விலையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குளிர்பானத்தோடு ஹாட்டாக் 1.50 டாலர், 1980களிலிருந்து அதே விலை என்பதும் ஊரறிந்த சங்கதி. இங்கே எடை போடப்போவது வேறொன்றை. 2025இல் அமெரிக்க நிறுவனங்கள் வரிசையாக டிஇஐ என்ற பன்முகத்தன்மைத் திட்டங்களைச் சுருட்டி வைத்தபோது இந்தக் கடை சுருட்டவில்லை. எதைக் காப்பாற்றியது, அது காப்பாற்ற வேண்டியதுதானா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பன்முகத்தன்மை, சமவாய்ப்பு, அரவணைப்பு என்ற மூன்றும் சேர்ந்ததுதான் டிஇஐ. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் தப்பாகத்தான் புரியும். அமெரிக்கத் தனியார் வேலையில் இனத்துக்கோ பாலினத்துக்கோ இத்தனை இடம் என்று ஒதுக்குவது 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படி பொதுவாகச் சட்டவிரோதம். காலியிடத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அறிவிப்பது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்பது, மாற்றுத்திறனாளிக்கு வேண்டிய வசதியைச் செய்து தருவது, சம்பளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது போன்றவைதான் டிஇஐயின் சட்டபூர்வமான பகுதி. எதிர்ப்பவர்கள் ஒதுக்கீடு என்று சொல்லித்தான் இதை அடிக்கிறார்கள்.

ஒரே வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். 2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் 14173ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அரசு ஒப்பந்ததாரர்கள் சமவாய்ப்பு தர வேண்டும் என்று 1965இல் அதிபர் ஜான்சன் போட்ட ஆணை அதோடு ரத்தானது. 23ஆம் தேதி காஸ்ட்கோ பங்குதாரர் கூட்டம். டிஇஐயால் நிறுவனத்துக்கு வரும் ஆபத்துகளைக் கணக்கிட்டு அறிக்கை தர வேண்டும் என்று ஒரு வலதுசாரி ஆய்வு மையம் கொண்டுவந்த தீர்மானத்தை 98 சதவீதத்துக்கும் மேலான வாக்குகள் தள்ளிவிட்டன. 24ஆம் தேதி இன்னொரு பெரிய கடையான டார்கெட் தன் டிஇஐ இலக்குகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 27ஆம் தேதி 19 மாநிலங்களின் குடியரசுக் கட்சி அட்டர்னி ஜெனரல்கள் காஸ்ட்கோவுக்குக் கடிதம் போட்டார்கள்: 30 நாளில் கைவிடு, இல்லாவிட்டால் காரணம் சொல்.

இயக்குநர் குழு பங்குதாரர்களுக்குத் தந்த பதிலில் அறநெறிப் பிரசங்கம் கிடையாது. பலவிதமான ஊழியர்கள் இருந்தால்தான் பலவிதமான சரக்கு அலமாரிக்கு வரும், உறுப்பினர்களும் தங்களைப் போன்றவர்களைக் கடையில் பார்க்க விரும்புகிறார்கள் என்று வியாபாரி பாஷையிலேயே பேசினார்கள். தீர்மானம் கொண்டுவந்தவர்களின் நோக்கம் ஆபத்தைக் குறைப்பது இல்லை, திட்டத்தையே ஒழிப்பதுதான் என்றும் முகத்துக்கு நேரே எழுதினார்கள். அரசியல் சண்டையில் சரக்கைப் பற்றிப் பேசுவது நல்ல உத்தி, ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

ஆனால் அந்த 98ஐப் பார்த்து ரொம்பத் துள்ள வேண்டாம். ஓட்டுப் போட்டது பெரும்பாலும் நிதி நிறுவனங்கள், அவை பொதுவாக நிர்வாகத்தின் பக்கமே நிற்கும். அடுத்த மாதம் ஆப்பிளிலும் இதே மாதிரித் தீர்மானத்துக்கு எதிராக 97 சதவீதம் விழுந்தது. அந்த எண்ணிக்கைக்கு நடைமுறையில் வேறொரு பயன் உண்டு. பங்குச் சந்தை ஆணையத்தின் 14ஏ-8 விதிப்படி, முதல் முறையே 5 சதவீத ஆதரவுகூடப் பெறாத தீர்மானத்தை மூன்று வருஷத்துக்கு மறுபடி சேர்க்க வேண்டியதில்லை என்று நிறுவனம் மறுக்கலாம்.

இந்தக் கடையில் டிஇஐ உண்மையில் எங்கே இருக்கிறது? சுவரொட்டியில் தேடினால் கிடைக்காது, சம்பளப் பட்டியலில் தேட வேண்டும். 2025இல் சங்கத்தில் சேராத மணிக்கூலி ஊழியர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பச் சம்பளம் 20 டாலர், உச்சப்படி 30 டாலருக்கு மேல் என்று ஏற்றினார்கள். படிக்கட்டு போல எழுதி வைத்த விகிதம். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு அதிகம், தெரியாதவளுக்குக் கம்மி என்ற பேச்சுக்கே அங்கே இடம் குறைவு. 2024 தொடக்கத்தில் தலைமைப் பொறுப்புக்கு வந்த ரான் வாக்ரிஸ், பிற்பாடு காஸ்ட்கோவோடு இணைந்த பிரைஸ் கிளப்பில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டித் தொடங்கியவர்.

இதே உள்ளிருந்து உயர்த்தும் பழக்கம்தான் ஒருமுறை கடையைக் கூண்டில் ஏற்றியது. 2004இல் பெண் ஊழியர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். உதவி மேலாளர், மேலாளர் பதவிகளுக்கு அறிவிப்பே வராது, மேலே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைத் தோளைத் தட்டிக் கூப்பிட்டுக்கொள்வார் என்பது புகார். பத்து வருஷம் இழுத்து, 2014இல் 80 லட்சம் டாலரில் சமரசமானது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. அறிவிக்காத பதவிக்கு யார் விண்ணப்பிப்பார்? மேலாளரோடு மீன் பிடிக்கப் போகிறவரின் பெயர்தான் அவர் நினைவுக்கு முதலில் வரும். அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டுவது டிஇஐயிலேயே மலிவான வேலை, அதை விட்டதற்கு ஆன செலவு இது.

கடையின் வாசலில் நிற்கும் ஊழியரைக் கவனித்திருப்பீர்கள். வண்டியை ஒரு பார்வை, ரசீதை ஒரு பார்வை, மார்க்கரால் சர்ரென்று ஒரு கோடு. பலர் இதைத் திருட்டுச் சோதனை என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பில் போட்டிருந்தாலும் அங்கேதான் பிடிபடும், அப்போது காசு உறுப்பினருக்குத் திரும்ப வரும். பதவி உயர்வுக்கும் இதே மாதிரி ஒரு வாசல் சோதனை உண்டு. 1978இல் அமெரிக்க அரசு வழிகாட்டியில் வந்த ஐந்தில் நான்கு விதி அது: ஒரு பிரிவின் தேர்ச்சி விகிதம், அதிகம் தேறிய பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்கு பங்காவது இருக்கிறதா என்று பார்ப்பது.

ஒரு கணக்கு: 80 ஆண்கள் விண்ணப்பித்து 20 பேர் தேறினால் 25 சதவீதம். 40 பெண்களில் 6 பேர் என்றால் 15 சதவீதம். பதினைந்தை இருபத்தைந்தால் வகுத்தால் 0.6. இது 0.8க்குக் கீழே வந்தால் மணி அடிக்கிறது என்று அர்த்தம், குற்றம் நிரூபணமானதாக அர்த்தமில்லை. இன்னும் இரண்டு பெண்கள் தேறியிருந்தால் விகிதம் சரியாக 0.8. இவ்வளவு சின்னக் கூட்டத்தில் ஓரிருவரே முடிவைப் புரட்டிவிடுவார்கள் என்பதால் இரண்டு மூன்று வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மணி அடித்ததும் பலர் செய்யும் தப்பு, அவசரமாக இரண்டு பெண்களைச் சேர்த்து எண்ணைச் சரிக்கட்டுவது. அது சட்டவிரோதம். நியூ ஹேவன் நகரம் தீயணைப்பு வீரர்களின் பதவி உயர்வுத் தேர்வை இன விகிதம் சரியில்லை என்று தூக்கிப்போட்டு, 2009இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. முடிந்த தேர்வைத் தொடாமல், எந்தப் படியில் ஆட்கள் கசிகிறார்கள் என்று தேட வேண்டும்: அறிவிப்பா, எழுத்துத் தேர்வா, நேர்காணலா? பெரும்பாலும் நேர்காணல்தான். நான்கைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், 5க்கு எப்படிப்பட்ட பதில் என்று முன்கூட்டியே எழுதி வைத்த குறிப்பு. கேட்பவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்ட பிறகே பேசிக்கொள்ள வேண்டும். முதலில் பேசிவிட்டால் சீனியரின் மதிப்பெண்தான் எல்லோருடைய மதிப்பெண்ணும். இந்தச் சீர்திருத்தம் தோளைத் தட்டத் தெரியாத வெள்ளை ஆணுக்கும் அதே அளவு உதவும். எதிர்ப்பாளர்கள் சௌகரியமாக விட்டுவிடும் பக்கம் இதுதான்.

அவர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. குறிப்பிட்ட இனத்தவருக்கு மட்டும் என்று கதவடைத்த பயிற்சித் திட்டங்கள், மேலாளர் போனஸை இன எண்ணிக்கையோடு கட்டியது எல்லாம் வழக்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போலத்தான். 2025 ஜூனில் ஏம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் பாகுபாடு என்று வழக்குப் போட்டால் அவருக்குக் கூடுதல் நிபந்தனை வைக்கக் கூடாது என்று ஒருமனதாகச் சொன்னது. ஒழுங்கான திட்டத்துக்கு இதனால் நஷ்டம் இல்லை.

அரசு மாறியதால் ஐந்தில் நான்கு கணக்கையே நிறுத்திவிடலாம் என்று சில ஆலோசகர்கள் சொல்வது ஆபத்தான யோசனை. மறைமுகப் பாதிப்பு வழக்குகளில், அதாவது பார்வைக்குப் பொதுவான விதி ஒரு பிரிவினரை மட்டும் அதிகம் தள்ளிவிடுகிறது என்ற வழக்குகளில், அரசு அலுவலகங்கள் அக்கறை காட்ட வேண்டாம் என்று 2025 ஏப்ரலில் ஆணை வந்தது உண்மை. ஆனால் அப்படி வழக்குப் போடும் உரிமை 1991இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இருக்கிறது. அதிபர் ஆணையால் அதை அழிக்க முடியாது, ஊழியர் நேராக வழக்குப் போடலாம்.

டார்கெட்டில் கூட்டம் குறைந்தது, காஸ்ட்கோவில் கூடியது, எல்லாம் டிஇஐ செய்த வேலை என்றும் சிலர் எழுதுகிறார்கள். அவ்வளவு சுலபமாக நம்ப முடியவில்லை. முட்டை விலை, இறக்குமதி வரி என்று அந்த வருஷம் ஆயிரம் காரணங்கள்.

குறையும் உண்டு. இயக்குநர் குழுவின் பதில் வாதத்தில் பலம், கணக்கில் மெலிவு. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் இஇஓ-1 என்ற படிவத்தை அரசுக்குத் தர வேண்டும், பத்து வேலை வகைகளில் இன, பாலின வாரியாக எத்தனை ஊழியர்கள் என்ற கணக்கு அதில். எந்த நிறுவனத்தை எடை போட்டாலும் மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, நடுமட்ட மேலாளர் வரிசையைக் கடைநிலை வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடைவெளி வருஷாவருஷம் குறைகிறதா என்று வாதத்தோடு சேர்த்துக் காட்டியிருந்தால் 19 பேர் கடிதத்துக்குப் பதிலும் அதிலேயே கிடைத்திருக்கும்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. சனிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள். டிஇஐ விஷயத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், இந்த நிலைப்பாடு பிடிக்கவில்லை என்றால் உறுப்பினர் கவுண்டரில் அட்டையைக் கொடுத்தால் போதும், கட்டிய சந்தாவை முழுசாகத் திருப்பித் தருகிறார்கள்.