ஆர்.சி. விமான சங்கத்தில் "உரிமைப் போராட்ட நிதி" கேட்டால், கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் ஆர்.சி. விமானம், அதாவது ரிமோட்டில் இயக்கும் மாடல் விமானம், பறக்கவிடும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெக்சாஸில் நான் உறுப்பினராக இருந்த உள்ளூர் சங்கத்தில், ரிமோட் ஐடி விதியை எதிர்த்துப் போராடப் போவதாகச் சொல்லி எல்லோரிடமும் பணம் வாங்கினார்கள். போராட்டமும் இல்லை, கணக்கும் இல்லை. புகார் நிலுவையில் இருப்பதால் சங்கத்தின் பெயரை இங்கே போடவில்லை.

புதியவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 250 கிராமோ அதற்கு மேலோ எடையுள்ள மாடல் விமானம் பறக்கும்போதே தன் அடையாளத்தையும் இருக்கும் இடத்தையும் ஒலிபரப்ப வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) 2019 டிசம்பர் கடைசியில் ஒரு வரைவு விதி போட்டது. இதுதான் ரிமோட் ஐடி. எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் தந்த மைதானங்களில் மட்டும், கண்ணுக்கெட்டும் தூரத்துக்குள், அந்தக் கருவி இல்லாமல் பறக்கவிடலாம். இந்த மைதானங்களைத்தான் 'ஃப்ரியா' என்கிறோம். இதற்கு விண்ணப்பிக்க 12 மாதம்தான் அவகாசம் என்று வரைவில் இருந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. 2021 ஜனவரியில் வந்த இறுதி விதியில் அந்த 12 மாதக் கெடு இல்லை.

எங்கள் தலைவர் பிடித்துக்கொண்டது அந்தச் செத்துப்போன கெடுவைத்தான். "கதவு மூடப் போகிறது, இப்போதே பணம் கட்டாவிட்டால் மைதானம் போச்சு" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பயமுறுத்தினார்.

சங்கம் அதற்கு முன்பே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. துணைத்தலைவரும் பால்சா மரத்துண்டுகளை ஒட்டி விமானம் செய்து பழகிய பெரியவர்கள் சிலரும், "தேசிய அமைப்பு மூலமாக விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்ப்போம்" என்றார்கள். அதுதான் சரியான வழியும்கூட. ஃப்ரியாவுக்கு ஒரு கிளப் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த சமூக அமைப்புகளும் கல்வி நிறுவனங்களும்தான் விண்ணப்பிக்கலாம். இண்டியானாவின் மன்சியில் இருக்கும் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் அப்படி ஓர் அமைப்பு. கிளப் விவரம் கொடுத்தால் அவர்கள் அனுப்புவார்கள். இதற்கு எஃப்.ஏ.ஏ. கட்டணம் எதுவும் கேட்பதில்லை.

தலைவர் கோஷ்டியோ, "கெஞ்சிக்கொண்டிருந்தால் எதுவும் கிடைக்காது, வாஷிங்டனுக்கே போய் மோதுவோம்" என்று நின்றது. அடுத்த தேர்தலில் கூட்டத்துக்கே வராதவர்களின் பதிலி வாக்குகளை வைத்து அவர்கள் ஜெயித்தார்கள். துணைத்தலைவர் விலகிவிட்டார். கணக்கு வழக்கைப் பார்த்துவந்த பொருளாளரும் அப்புறம் வரவில்லை, அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. வசூல் சூடுபிடித்தது அதற்குப் பிறகுதான்.

பணம் ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக, தலைவரின் சொந்த போன் நம்பருக்கு. ரசீது கேட்டால் ஸ்பைரல் நோட்டிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, தொகையை எழுதி, இனிஷியல் போட்டுக் கொடுத்தார். அதில் சங்கத்தின் பெயர்கூட இல்லை. "நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குக்கு" என்று 2023-லும் வாங்கினார். ட்ரோன் பாகங்கள் விற்கும் ரேஸ்டேகுவாட்ஸ் என்ற கடை இந்த விதியை எதிர்த்துத் தொடுத்த வழக்கைத்தான் காட்டினார். அந்த வழக்கு 2022 ஜூலையிலேயே தோற்றுவிட்டது! அவர்களுக்கும் எங்கள் சங்கத்துக்கும் எந்த ஒட்டுறவும் கிடையாது, பாவம்.

இதைவிட எனக்கு வயிற்றெரிச்சல் மாட்யூல் விவகாரத்தில்தான். பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி, அதில் தீப்பெட்டி அளவு ரிமோட் ஐடி மாட்யூல்கள், அதாவது விமானத்தில் பொருத்தும் ஒலிபரப்புக் கருவிகள். கடை விலைக்கு மேல் ஏற்றி, "ஒரு விமானத்துக்கு ஒன்று கட்டாயம்" என்று சொல்லி விற்றார். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெரியவர், வீட்டில் தொங்கும் விமானங்களை விரல்விட்டு எண்ணி, ஆறு வாங்கிப் போனார். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர் தன் பதிவுப் பட்டியலில் உள்ள எல்லா விமானங்களுக்கும் ஒரே மாட்யூலை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். எஃப்.ஏ.ஏ. இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

விதி 2023 செப்டம்பர் 16 அன்று அமலுக்கு வந்தது; நடவடிக்கை எடுப்பதை மட்டும் 2024 மார்ச் 16 வரை தள்ளிவைத்தார்கள். அந்தத் தேதி நெருங்கும்போது எஃப்.ஏ.ஏ. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஃப்ரியா மைதானங்கள் எல்லாம் அதில் இருக்கும், யாரும் பார்க்கலாம். பக்கத்து ஊர் கிளப் இருந்தது. எங்களுடையது இல்லை. விசாரித்தால், விண்ணப்பமே போகவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்டேன். "ஒற்றுமையைக் கெடுக்காதீர்கள்" என்று ஒரு பதில் வந்தது. மறுநாள் குழுவிலிருந்து நீக்கப்பட்டேன். அந்த வாரக் கடைசியில் மைதானத்துக்குப் போனால் கேட் பூட்டின் நம்பரும் மாறியிருந்தது. சந்தா தேதி இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்றும் தலைவர் சொல்லியிருந்தார். அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் சங்கத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் 501(சி)(7) என்று வருகிறது. அது பொழுதுபோக்கு கிளப்புகளுக்கான வகை. அதற்குக் கொடுக்கும் நன்கொடையை வரியில் கழிக்க முடியாது. நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் கழித்திருப்பார்கள், ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். இந்தத் தேடல் இலவசம், ஐந்து நிமிட வேலை. எஃப்.ஏ.ஏ. வரைபடமும் அப்படித்தான். எந்தக் கிளப்பில் சேரும் முன்பும் இரண்டையும் பார்த்துவிடுங்கள். பொருளாளர் யார், கடைசியாகக் கணக்கு வாசித்தது எப்போது என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு மைதானம் பாருங்கள்.

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். டெக்சாஸில் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். ஆறு மாட்யூல் வாங்கிய அந்தப் பெரியவருக்காக அதற்கான காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். வங்கியை நம்பிப் பயனில்லை. ஜெல்லில் நீங்களாக அனுப்பிய பணம், திருப்பித் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சங்கத்துக்கு எதைக் கொடுத்தாலும் சங்கத்தின் பெயரில் செக்காகக் கொடுங்கள். இதே ஆளிடம் பணம் கொடுத்தவர்கள் ஜெல் ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த நோட்டுத் துண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கோர்ட்டில் இரண்டும் வேண்டியிருக்கும்.