ப்ரொவோக்கேட்டிவ்லியா, ப்ரொவோக்கிங்லியா?

வியாசர்பாடியில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். இந்த இரண்டு சொல்லும் அவர்களைக் குழப்பும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ‘முன்னே வா’ என்று கூப்பிடும் லத்தீன் வினை. நாம் வம்புக்கு இழுப்பது என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்.

‘ப்ரொவோக்கேட்டிவ்லி’ என்றால் பெரும்பாலும் உள்ளே ஒரு நோக்கம் இருக்கும். கேரம் போர்டில் சிவப்பைப் போட்டு, ஃபாலோவும் எடுத்தவன் எதிரே இருப்பவனை நிமிர்ந்து பார்த்து, விரலில் ஒட்டிய பவுடரை மெதுவாக ஊதுகிறான். அந்த ஊதல் இந்தச் சொல். கோபம் மட்டும் இல்லை. யோசிக்க வைக்கும்படி கேள்வி கேட்டாலும், ஆசையைத் தூண்டும்படி பார்த்தாலும் இதே சொல்தான். அதனால் எல்லா இடத்திலும் ‘ஆத்திரமூட்டும் வகையில்’ என்று எழுதுவது தப்பு. ‘சீண்டும்படி’ என்பது எனக்குப் பிடிக்கும், பல இடங்களில் சரியாக உட்காரும்.

‘ப்ரொவோக்கிங்லி’ எரிச்சலோடு சரி. அவசரத்துக்குப் போகும்போது மூடிக் கிடக்கும் ரயில்வே கேட் யாரையும் சீண்டவில்லை, ஆனாலும் வெறுப்பேறுகிறது. இன்றைய பேச்சில் இது அபூர்வம். அந்த இடத்தில் ‘அனாயிங்லி’ போதும்.