அரசுப் பள்ளிக்கு சிஎஸ்ஆர் நிதி: அரசு இணையதளமா, பக்கத்துத் தொழிற்சாலையா?

பெரிய நிறுவனங்கள் சட்டப்படி சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய தொகையே சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) நிதி. அதைப் பெற, தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் இணையதளத்தில் பள்ளியின் தேவையைப் பதியலாம். இல்லையென்றால் ஊரை ஒட்டியுள்ள தொழிற்சாலையை நேரே அணுகலாம். வகுப்பறை, சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு முதல் வழியே போதும். முன்னாள் மாணவர்கள் தரும் சிறு தொகைகளுக்கும் அதுதான் சுலபம்.

ஆர்ஓ குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி, ஸ்மார்ட் வகுப்பு என்று வரும்போது தொழிற்சாலை பக்கமே சாய்வோம். காரணம் பராமரிப்பு. ஆர்ஓவின் முன்வடிகட்டிகளை 6 மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். உப்பை நீக்கும் சவ்வான மெம்பரேன் 2, 3 ஆண்டு தாங்கும். போர்வெல் தண்ணீரில் உப்பு கூடுதல் என்றால் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும். யூபிஎஸ் பேட்டரியும் சில ஆண்டுகளில் போய்விடும். திறப்பு விழாவுக்குப் பிறகு இந்தச் செலவு யாருடையது என்று எழுதி வாங்காத பள்ளிகளில்தான் கருவிகள் தூசி படிந்து கிடக்கின்றன.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135, நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. தொடர் திட்டமாக எடுத்துக்கொண்டால், தொடங்கிய நிதியாண்டு போக மேலும் 3 ஆண்டு வரை செலவிடலாம். எனவே கருவி விலையையும் 3 ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தச் செலவையும் (ஏஎம்சி) ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் கிடைப்பது அரிது.

போகும் முன் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் சிஎஸ்ஆர் இணைப்பைப் படியுங்கள். எவ்வளவு செலவிட்டார்கள் என்பது அதில் இருக்கும். எந்தத் திட்டங்களுக்கு என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். முந்தைய ஆண்டில் நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றையாவது எட்டாத நிறுவனத்துக்கு இந்தக் கடமை இல்லை.

பணமாகக் கேட்காதீர்கள். நிறுவனமே வாங்கிப் பொருத்தித் தரட்டும். வெளி அமைப்பு மூலம் செலவிடுவதானால் அந்த அமைப்புக்கு, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் மூலம் பெற்ற பதிவு வேண்டும். நிறுவனம் கழித்துக்கட்டும் பழைய கணினிகளின் மதிப்பு சிஎஸ்ஆர் செலவில் சேராது. அவற்றை ஏற்றுக்கொண்டு ‘உதவி வந்துவிட்டது’ என்று நின்றுவிட வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், மூன்று கொட்டேஷன், மாணவர் எண்ணிக்கை, இப்போதைய நிலையைக் காட்டும் படங்கள், கல்வி அலுவலரின் ஒப்புதல் ஆகியவற்றோடு ஜனவரியிலேயே போங்கள். மார்ச்சில் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

இந்த வழியிலும் பலவீனம் உண்டு. லாபம் சரிந்தாலோ மேலாளர் மாறினாலோ அடுத்த ஆண்டுத் தொகை நின்றுபோகலாம். முழு ஏஎம்சியையும் தொடக்கத்திலேயே விற்பனையாளருக்குக் கட்டிவிடச் சொல்லி, ரசீதின் நகலைப் பள்ளியில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் பெரிய ஆலை இல்லாத ஊர்களுக்கு அரசு இணையதளம்தான் நல்ல தொடக்கம். அங்கும் பராமரிப்புச் செலவைத் தேவைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள்.