எந்தப் பள்ளியில் சேரலாம்? மை ஹீரோ அகாடமியா, ஜுஜுட்சு கைசென், ரெயில்கன்

சக்தி படைத்த மாணவர்கள் கதை என்று அனிமேயின், அதாவது ஜப்பானிய கார்ட்டூன் தொடரின், போஸ்டர் சொல்லும். யூனிஃபார்ம் இருக்கும், பள்ளி கேட் இருக்கும், தூங்குமூஞ்சி வாத்தியார் ஒருவரும் இருப்பார். பத்து எபிசோட் தாண்டிப் பார்த்தால் கரும்பலகையைக் காணோம். அதற்கப்புறம் அது வெறும் சண்டைக் கதை. அதனால் இங்கே அளவுகோல் ஒன்றுதான்: பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொள்வது கண்ணுக்குத் தெரிகிறதா? எங்கே தப்பு விட்டார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது புரிகிறதா? அனிமேஷன் தரம், ஓப்பனிங் பாட்டு பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறையப் பேர் பேசியாயிற்று.

மூன்றிலும் ஆரம்பப் பகுதிகளின் விவரங்கள் வெளிப்படும். பெரிய திருப்பங்களைத் தொடவில்லை.

முதலில் அளவு. ஹொரிகோஷி கோஹெய் வரைந்த மை ஹீரோ அகாடமியா மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 2014 ஜூலை முதல் 2024 ஆகஸ்ட் வரை 430 அத்தியாயம் ஓடியது. அனிமே 2016இல் தொடங்கி எட்டு சீசனில் 2025 டிசம்பரில் முடிந்தது, மொத்தம் 170 எபிசோட். அகுதாமி கெகேயின் ஜுஜுட்சு கைசென் 2018 மார்ச் முதல் 2024 செப்டம்பர் வரை 271 அத்தியாயம். அனிமேயின் முதல் சீசன் 24 எபிசோட், இரண்டாவது 23, முன்கதைக்குத் தனியாக ஒரு படம். ரெயில்கன் இவை இரண்டுக்கும் மூத்தது. கமாச்சி கசுமாவின் இண்டெக்ஸ் நாவல் வரிசையிலிருந்து கிளைத்த கதை. 2009, 2013, 2020 என்று மூன்று சீசன், 73 எபிசோட்.

மை ஹீரோ அகாடமியாவில் உலக மக்களில் 80 சதவீதம் பேருக்குப் பிறவியிலேயே ஏதாவது ஒரு சக்தி உண்டு. ஜப்பானிய மூலத்தில் அதற்கு 'கொசெய்' என்று பெயர், தனித்தன்மை என்று அர்த்தம். ஆங்கிலம் வழியாக வந்த 'குவர்க்' தான் நம் வாயில் ஒட்டிக்கொண்டது. யூ.ஏ. பள்ளியில் ஒரு வருடத்துக்கு 11 வகுப்பு. அதில் ஹீரோ பிரிவுக்கு இரண்டே வகுப்பு, 40 இடம். நாலு இடம் சிபாரிசில் போய்விடும், மீதி 36க்குத்தான் நுழைவுத்தேர்வு. ரோபோவை உடைத்தால் 1, 2, 3 என்று மதிப்பெண். ராட்சத ரோபோ ஒன்று வரும், அதற்குச் சுழியம். ஒதுங்கிப் போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அடுத்தவரைக் காப்பாற்றினால் சொல்லாமல் கொடுக்கும் மதிப்பெண் ஒன்று ஒளிந்திருக்கிறது. பாகுகோ என்ற மாணவன் 77 எடுத்து முதலிடம் பிடிக்கிறான், முழுக்க ரோபோ உடைத்தே. கதாநாயகன் மிதோரியா ஒரு ரோபோ மதிப்பெண்கூட எடுக்காமல், காப்பாற்றியதற்கான 60இல் உள்ளே வருகிறான்.

இந்தத் தேர்வில் ஓட்டை இருக்கிறது என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது, அதுதான் ரசிக்க வேண்டிய இடம். ஷின்சோ என்ற மாணவனின் சக்தி மூளைச்சலவை. பதில் சொல்பவர் அவன் கட்டுக்குள் வந்துவிடுவார். நிஜக் குற்றவாளியிடம் இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது, ஆனால் ரோபோ என்ன பதில் சொல்லும்? அவன் பொதுப்பிரிவுக்குப் போய்ச் சேர்கிறான். நுழைவுத்தேர்வு எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்ற பேச்சு நமக்குப் புதிதா என்ன.

கற்றுக்கொள்வதைக் காட்டுவதில் இந்தத் தொடரின் முதல் மூன்று சீசனுக்கு ஈடு இல்லை. மிதோரியாவுக்குக் கிடைத்த சக்தி அவன் உடம்பு தாங்காத அளவு பெரியது. நுழைவுத்தேர்வில் ஒரே குத்து. கையும் கால்களும் முறிந்துபோகின்றன. வகுப்பின் முதல் நாள் பந்து எறியும் சோதனையில் மொத்த சக்தியையும் ஒரு விரல் நுனிக்கு மட்டும் அனுப்பி 705.3 மீட்டர் எறிகிறான். விரல் ஒன்று போகிறது, கை மிச்சம். அடுத்த படி கிரான் டொரினோ என்ற கிழவரின் வீட்டில். உறைந்த தையாகி, அதாவது மீன் வடிவத்தில் சுட்ட இனிப்பு, மைக்ரோவேவில் வைக்கப்படுகிறது. தட்டு பெரிதாகப் போனதால் உள்ளே சுழலவில்லை. ஓரிடம் கொதிக்க, ஓரிடம் ஐஸாகவே இருக்கிறது. அதைக் கடித்த நொடியில் மிதோரியாவுக்குப் பிடிபடுகிறது: இத்தனை நாளும் தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும் சூடேற்றிக்கொண்டிருந்திருக்கிறான். உடம்பு முழுக்க ஒரே சீராக 5 சதவீதம் ஓடவிட்டால் எதுவும் முறியாது. சக்தி கூடவில்லை, புழங்கும் முறை மாறியது, அவ்வளவுதான். 'உள்ளே தூங்கிய சக்தி விழித்தது' என்று கதைவிடும் தொடர்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் அந்தத் தட்டுதான்.

இரண்டாம் சீசன் கடைசியில் வரும் தேர்வும் அப்படியே. இரண்டிரண்டு மாணவராக ஓர் ஆசிரியரை எதிர்க்க வேண்டும். 30 நிமிடம், ஆசிரியர் தன் எடையில் பாதியளவு பாரத்தைக் கட்டிக்கொண்டு வருவார், அவருக்கு விலங்கு மாட்ட வேண்டும் அல்லது இருவரில் ஒருவர் தப்பிக்க வேண்டும். ஜோடிகளை அவர்கள் பலவீனம் பார்த்தே பிரித்திருக்கிறார்கள். சாதோவுக்கு 10 கிராம் சர்க்கரை உள்ளே போனால் மூன்று நிமிடம் ஐந்து மடங்கு பலம், பிறகு மூளை மந்தம். கிரிஷிமா உடம்பைக் கல்லாக்குவான், அதையும் நெடுநேரம் பிடித்துவைக்க முடியாது. இவர்களுக்கு எதிரே சிமென்டைச் சலிக்காமல் எழுப்பிக்கொண்டே இருக்கும் சிமென்டாஸ். நேருக்கு நேர் மோதினால் நேரம் தீர்ந்து தோற்பார்கள், மோதுகிறார்கள், தோற்கிறார்கள். மூன்றாம் சீசனில் தற்காலிக ஹீரோ உரிமத் தேர்வில் வகுப்பிலேயே பலசாலிகளான பாகுகோவும் தொதோரோகியும் ஃபெயில். ஒருவன் காப்பாற்ற வேண்டியவர்களையே வாய்க்கு வந்தபடி பேசினான், இன்னொருவன் கூடப் போட்டியிட்டவனோடு சண்டை போட்டு ஆபத்தை மறந்தான். முக்கியப் பாத்திரங்களை இப்படி ஃபெயில் ஆக்கத் துணிச்சல் வேண்டும்.

சறுக்கல் ஐந்தாம் சீசனில். இரண்டு வகுப்புகளும் மோதும் ஐந்து சுற்றுப் பயிற்சிப் போட்டி இழுவையோ இழுவை. போதாக்குறைக்கு, மாங்காவில் முன்னால் வரும் வில்லன் பகுதியை அனிமேயில் பின்னால் தள்ளிவிட்டார்கள், சூடு ஆறிவிட்டது. அந்தப் பகுதிக்கு மட்டும் மாங்காவின் 218 முதல் 240 வரை படிப்பது மேல். ஆறாம் சீசன் முதல் போர்தான், பள்ளி கிடையாது.

ஜுஜுட்சு கைசெனில் பள்ளி என்பது ஏறக்குறைய ஒரு போர்டு. ஜப்பானில் டோக்கியோ, கியோட்டோ என இரண்டே பள்ளிகள். எல்லா மாணவரையும் ஏற்ற ஒரு மினி பஸ் போதும். கதாநாயகன் இதாதோரியின் வகுப்பில் மூன்று பேர். பாடவேளை, தேர்வு, மதிப்பெண் எதுவும் இல்லை, நான்காம் தரத்திலிருந்து சிறப்புத் தரம் வரை போகும் தரவரிசை உண்டு. அந்தத் தரத்தைப் பார்த்துத்தான் வேலைக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்திலேயே மூன்று முதலாண்டுப் பிள்ளைகள் போன இடத்தில் சிறப்புத் தரச் சாபம் (இந்தக் கதையில் சாபம் என்றால் பிசாசு) ஒன்று நிற்கிறது. தப்பிக்க வழி இல்லாத பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் யூ.ஏ.வின் ஆசிரியர்கள் எத்தனை பொறுப்பானவர்கள் என்று புரியும்.

ஆனால் சக்தியின் இலக்கணம் என்று பார்த்தால் மற்ற இரண்டும் பின்னால் வர வேண்டும். சாப சக்தி பிறப்பது பயம், கோபம், வருத்தம் போன்ற கசந்த உணர்ச்சிகளிலிருந்து. கோபப்பட்டால் நிறையச் சுரக்கும், ஆனால் வீணாகும். எனவே இதாதோரிக்கு ஆசிரியர் கோஜோ கொடுக்கும் பயிற்சி, சினிமா பார்ப்பது. நிலவறையில் சோஃபா, மடியில் குத்துச்சண்டைக் கையுறை போட்ட ஒரு பொம்மை. அதற்குள் சாப சக்தியை ஒரே அளவில், சொட்டுநீர்ப் பாசனம் மாதிரி, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அளவு கூடினாலும் குறைந்தாலும் பொம்மை விழித்துக்கொண்டு தாடையில் ஒரு குத்து விடும். திகில் படம், அழுகைப் படம், சண்டைப் படம் என்று மாறி மாறி ஓடும். உணர்ச்சி ஏறி இறங்கும்போதும் ஓட்டம் மாறக் கூடாது. இந்த ஒரு காட்சியில் மொத்த விதியும் விளங்கிவிடுகிறது, விளக்கப் பேச்சே தேவைப்படவில்லை.

'கட்டுறுதி' என்று சொல்லத்தக்க விதி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. ஒன்றை விட்டுக்கொடுத்தால் இன்னொன்று கூடும். நானாமி என்ற மூத்த வித்தைக்காரர் வேலை நேரத்தில் தன் சக்திக்குத் தானே வரம்பு போட்டுக்கொள்கிறார். ஷிஃப்ட் முடிந்து ஓவர்டைம் தொடங்கினால் சக்தி எகிறும். சண்டை நடுவே எதிராளியிடம் தன் வித்தையை விளக்கிக்கொண்டிருப்பது இந்த வகைக் கதைகளின் பழைய நோய். இங்கே அதற்கும் கணக்கு உண்டு: ரகசியத்தைச் சொல்வதே விட்டுக்கொடுத்தல், சொன்னவனுக்குப் பலம் கூடுகிறது. நோயையே மருந்தாக்கிவிட்டார் அகுதாமி.

கறுப்பு மின்னல் என்ற அடிக்கு, குத்து பட்ட 0.000001 நொடிக்குள் சாப சக்தியும் சேர்ந்து இறங்க வேண்டும். இதாதோரிக்கு ஆரம்பத்தில் உடம்பு வேகமாகவும் சக்தி தாமதமாகவும் வரும், ஒரே குத்தில் இரண்டு அடி விழும். வித்தியாசமான வித்தை என்று பார்ப்பவர் நினைக்க, அது திருத்த வேண்டிய பழக்கம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான் கியோட்டோ பள்ளியின் மூத்த மாணவன் தோதோ. குறையைத் திறமை என்று வைத்துக்கொண்டு சுற்றும் மாணவனுக்கு நல்ல வாத்தியார் கிடைத்த தருணம் அது.

சிக்கல் பிற்பாதியில். இரண்டாம் சீசனில் வரும் ஷிபுயா சண்டைப் பகுதிக்குப் பின் பள்ளி என்ற பேச்சே இல்லை. அதையடுத்த கலிங் கேம் பகுதி விதிப்புத்தகம்: ஒரு வித்தைக்காரனைக் கொன்றால் 5 புள்ளி, சாதாரண ஆளுக்கு 1, 100 சேர்த்தால் புது விதி ஒன்று சேர்க்கலாம், 19 நாள் புள்ளி மாறாவிட்டால் தண்டனை. அதற்குள் வித்தை விளக்கங்களும் அடர்ந்துவிடுவதால் அனிமேயை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். இந்த இடத்துக்கு மாங்காவே வசதி. ஒரே பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாமே.

ரெயில்கனில் தலைகீழ். அகாடமி சிட்டி என்ற நகரமே பள்ளிக்கூடம். மக்கள்தொகை 23 லட்சம், அதில் எண்பது சதவீதம் மாணவர். மருந்து, மின்தூண்டல், மனவசியம் எல்லாம் கலந்த பாடத்திட்டத்தால் சக்தியை வளர்க்கிறார்கள். லெவல் 0 முதல் 5 வரை. லெவல் 5 மொத்தம் ஏழு பேர்; மாணவரில் பத்துக்கு ஆறு பேர் லெவல் 0. மூன்றாம் இடத்தில் இருக்கும் மிசாகா மிகோதோ விளையாட்டுக்கூடக் காசு ஒன்றை ஒலியின் மூன்று மடங்கு வேகத்தில் சுண்டுவாள். எல்லை 50 மீட்டர். அதைத் தாண்டினால் காற்று உராய்வில் காசே உருகிவிடும். அவள் தோழி குரோகோ தொட்ட பொருளை இடம் மாற்றுவாள்: 81.5 மீட்டர், 130.7 கிலோ. ஒவ்வொரு தடவையும் மனக்கணக்கு போட வேண்டும், வலி வந்தால் கணக்கு குழம்பும், சக்தி வேலை செய்யாது. எதிரி அவளை ஜெயிக்க வேண்டியதில்லை, காயப்படுத்தினால் போதும்.

ஆனால் இந்தத் தொடரின் உயிர் சாதேன் ருயிகோ என்ற லெவல் 0 பெண். மற்ற இரண்டு கதையும் உள்ளே வந்துவிட்டவர்களைப் பற்றியவை. ஷின்சோகூட ஓரத்தில்தான் நிற்கிறான். உள்ளே வந்தும் ஒன்றும் வராதவளை நடுவில் உட்காரவைத்தது இது மட்டும்தான். கேட்டால் லெவல் ஏறும் என்று ஓர் ஒலிக்கோப்பு பரவுகிறது. சாதேன் கேட்கிறாள். உள்ளங்கைக்கு மேல் சில இலைகள் சுழல்கின்றன. அவ்வளவுதான் அவள் சக்தி. மிசாகா சுண்டும் காசுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, அவள் முகத்திலோ தீபாவளி. பிறகு, கேட்டவர்கள் ஒவ்வொருவராக நினைவிழந்து விழுகிறார்கள். அந்த ஒலி எல்லா மூளையையும் ஒரே அலைக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. தான் விழப்போவது தெரிந்து சாதேன் தன் தோழி உயிஹாருவுக்குப் போன் செய்யும் காட்சி மூன்று தொடரிலும் மிக நல்ல பள்ளிக்கூடக் காட்சி. அதில் ஒரு சண்டையும் இல்லை.

குறை என்றால், அசல் மாங்காவில் இல்லாமல் சேர்த்த பகுதிகள். முதல் சீசனின் பின்பாதியும் இரண்டாம் சீசனின் கடைசிப் பகுதியும் அப்படி வந்தவைதான். நாலு தோழிகள் ஐஸ்கிரீம் சாப்பிடும் நேரம் பிடித்திருந்தால் மட்டும் பாருங்கள்.

மூன்றிலும் விளையாட்டுவிழா உண்டு, அங்கே குணம் தெரிந்துவிடும். யூ.ஏ.வில் முதல் சுற்றை ஜெயித்தவன் தலைப்பட்டைக்கு ஒரு கோடிப் புள்ளி. ஜெயித்த பாவத்துக்கு எல்லாரும் துரத்துவார்கள். ஜுஜுட்சுவில் ரத்தக்களறிக்குப் பிறகு, முதல் சீசன் 21ஆம் எபிசோடில், திடீரென்று பேஸ்பால் ஆடுகிறார்கள். ரெயில்கனில் நகரம் முழுக்கத் திருவிழா, அதற்கடியில் சதி.

எப்படிப் பார்ப்பது? மை ஹீரோ அகாடமியாவில் மூன்று சீசன், 63 எபிசோட், பிடித்தால் தொடரலாம். ஜுஜுட்சுவில் முதல் சீசன், பிறகு படம், அதன்பின் இரண்டாம் சீசன். தமிழ் டப்பிங்கும் இருக்கிறது. இரண்டாம் சீசனில் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். ரெயில்கனில் முதல் சீசனின் 12, இரண்டாவதில் 16, மூன்றாவதில் 15. இண்டெக்ஸ் பார்க்காமலே புரியும். கைவசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்றால் ரெயில்கனின் முதல் 12 போதும், ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். பன்னிரண்டாவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதின்மூன்றாவது நீச்சலுடை ஃபோட்டோ ஷூட்.