1957 செவர்லே பெல் ஏர், 1/25 அளவு பிளாஸ்டிக் கிட்: கட்டி முடித்த பின் எழுதும் மதிப்புரை

1957-ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரைத் தொலைவிலிருந்தே அடையாளம் காட்டுபவை இரண்டு. ஒன்று, பின்புறம் கூர்ந்து நிற்கும் வால் துடுப்பு. மற்றொன்று, முன் மட்கார்டில் ஒற்றைக் கோடாகத் தொடங்கிப் பின்னால் போகப் போக இரண்டாகப் பிரிந்து விரியும் பக்கவாட்டுப் பட்டை. அந்தக் காரின் மாடல் கிட் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது உடலின் பக்கவாட்டைத்தான். எஞ்சின் சுமாராக இருந்தால் பானெட்டை மூடிவிடலாம். பக்கப் பட்டை மழுங்கியிருந்தால் அதை மறைக்க வழியே இல்லை. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கட்டி முடித்த இந்தக் கிட், இரண்டு கதவுகளும் நடுத்தூண் இல்லாத கூரையும் கொண்ட ஹார்ட்டாப் வகை. பழைய அச்சுகள் கைமாறிக் கைமாறி வெவ்வேறு பெட்டிகளில் வெளிவருவது இத்துறையில் வழக்கம் என்பதால், பெட்டியின் மேலுள்ள பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

1/25 என்ற அளவில் ஒரு பெரிய வசதி உண்டு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்; அதை 25-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வருகிறது. ஆகவே உண்மையான காரில் ஓர் அங்குலம் என்பது மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்கிடலாம். பெல் ஏரின் நீளம் 200 அங்குலம். மாடலின் உடலை ஸ்கேல் வைத்து அளந்தபோது 20 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 115 அங்குலத்துக்கு ஈடாக 11.7 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதுவும் சரியாகவே இருந்தது. இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டு பானெட் உட்கார்ந்தால், உண்மையான காரில் அது விரல் நுழையும் அரை அங்குலச் சந்து என்று பொருள். இந்தக் கிட்டின் பானெட் இடப்பக்கம் அப்படித்தான் உட்கார்ந்தது. ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அந்தச் சந்தைக் குறைக்க எனக்கு ஒரு முழு மாலை வேண்டியிருந்தது.

பெட்டியின் மேல் ‘ஒரே கிட்டில் மூன்று கார்கள்’ என்று போட்டிருக்கிறது. இது பழைய மரபு. 1948-இல் டீலர்களுக்கான அலுமினிய ஃபோர்டு மாதிரிகளுடன் தொடங்கிய ஏஎம்டி நிறுவனம், 1958-இல் இப்படி மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்களைக் கொண்டுவந்தது: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒன்று, உருமாற்றிய கஸ்டம் ஒன்று, பந்தயத்துக்கு ஒன்று. நான் கட்டிய கிட்டில் முதல் வகைக்கான உறுப்புகள் நேர்த்தியாக இருக்கின்றன. பந்தய வகைக்குப் பெரிய பின் டயர்களும் எண் ஸ்டிக்கர்களும் போதுமான அளவில் இருக்கின்றன. கஸ்டம் வகைக்கோ வேறு மாதிரி வீல்கள் நான்கும் ஒரு குரோம் கிரில்லும் மட்டுமே. 1950-களின் கலிஃபோர்னியா கஸ்டம் கார்களைப் பற்றி ஓரளவு தெரிந்தவர்களுக்கு இது போதாது. அந்தக் கைவினைஞர்கள் காருக்கு எதையும் கூட்டுவதற்கு முன் குறைக்கத் தொடங்கினார்கள். பானெட்டிலும் டிக்கியிலும் இருந்த சின்னங்களை எடுத்துவிட்டு, அந்தத் துளைகளை உருக்கிய ஈயத்தால் அடைத்து, தகடு ஒரே வழவழப்பாகத் தெரியும்வரை தேய்த்தார்கள். நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் பட்டி பார்ப்பதற்குச் சமமான வேலை அது.

நான் அந்த வழியில்தான் போனேன். பெல் ஏரின் பானெட்டில் ராக்கெட் போன்ற இரண்டு நீள மேடுகள் உண்டு. அவற்றை உளியால் சீவி, பட்டி பூசி, 400-இல் தொடங்கி 2000 எண் உப்புத்தாள் வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். இந்தக் கிட்டின் பிளாஸ்டிக் இதற்கு நன்றாக ஒத்துழைத்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: சீவும்போது நொறுங்கவில்லை, பட்டி நன்றாகப் பிடித்தது, தடிமனும் போதுமானதாக இருந்ததால் மேடுகளின் அடியில் ஓட்டை விழவில்லை. அடுத்ததாகக் காரை மூன்று அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டர், தாழ்த்தினேன். பின்புறத்தில் பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் கட்டை வைத்தாலே போதும். உண்மையான கார்களிலும் இப்படித்தான் செய்வார்கள். முன்புறத்தில் சக்கரம் மாட்டும் முளையை அறுத்தெடுத்து மேலே தள்ளி ஒட்ட வேண்டியிருந்தது. தாழ்த்தாமல் விட்டால் இந்தக் கிட்டின் முன்பக்கம் சற்றுத் தூக்கலாகவே நிற்கும் என்பதால், தொழிற்சாலை வகையைக் கட்டுபவர்களும் முன்னால் ஒரு மில்லிமீட்டராவது இறக்குவது நல்லது.

283 கன அங்குல வி-8 எஞ்சின் அழகாக வார்க்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு அறிமுகமான ராம்ஜெட் எரிபொருள் செலுத்து முறையுடன் அது 283 குதிரைத்திறன் வரை தந்தது. அந்த அமைப்பின் மேல்மூடியும் கிட்டில் தனி உறுப்பாக வருகிறது. ஆரஞ்சு வண்ணம் பூசி, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மெல்லிய ஒயர் இழுத்தால் போதும், பானெட்டைத் திறந்து காட்டலாம்.

வண்ணத்தில் நான் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது. அந்த ஆண்டின் ட்ராபிகல் டர்க்காய்ஸ் நீலப்பச்சையை உடலுக்கும், இந்தியா ஐவரி என்ற தந்த வெண்மையைக் கூரைக்கும் தேர்ந்தெடுத்திருந்தேன். அடிப்பூச்சாகக் கையிலிருந்த எனாமலை அடித்து, மறுநாளே அதன் மேல் லாக்கர் ஸ்ப்ரே அடித்தேன். பத்து நிமிடத்தில் டிக்கியின் மேற்பரப்பு முழுவதும் காய்ந்த திராட்சைத் தோல் போலச் சுருங்கிவிட்டது. லாக்கரின் கரைப்பான் அடியிலுள்ள எனாமலை உண்டுவிடும். லாக்கரின் மேல் எனாமல் பூசலாம், எனாமலின் மேல் லாக்கர் கூடாது. உடலை இரண்டு நாள் பிரேக் ஆயிலில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, லாக்கர் பிரைமரிலிருந்து மீண்டும் தொடங்கினேன். மென்மையான வரிகளும் எழுத்துகளும் இவ்வளவுக்குப் பிறகும் மழுங்காமல் இருந்தது இந்த வார்ப்பின் தரத்துக்குச் சான்று. இரண்டாம் முறை மெல்லிய நான்கு பூச்சுகளாக அடித்தேன். மழை பெய்த ஒரு நாளில் மட்டும் வேலையை நிறுத்தினேன், ஏனெனில் காற்றின் ஈரம் லாக்கரில் வெண்படலமாகத் தங்கிவிடும்.

இனி பக்கப் பட்டைக்கு வருகிறேன். இந்தக் கிட்டுக்கு நான் நல்ல மதிப்பெண் தருவதற்கு இதுவே முதல் காரணம். பட்டையின் ஓரம் கூர்மையாகவும் சீரான உயரத்திலும் இருப்பதால், ஒட்டும் பசையுடன் வரும் மெல்லிய அலுமினியத் தாளை அதன் மேல் போர்த்தி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெதுவாக அழுத்தினால் ஓரங்கள் தாமாகவே வரி வரியாக எழுந்துவருகின்றன. புதிய பிளேடைச் சாய்த்துப் பிடித்து, அந்த வரியின் மேல் எடையே வைக்காமல் இழுத்தால் தாள் அறுபடும். சிறிது அழுத்தினாலும் அடியிலுள்ள வண்ணத்தில் கோடு விழும். பட்டையின் உட்பக்கத்தை மட்டும் தாளால் மூடாமல் விட்டேன். உண்மையான காரில் சுற்றியுள்ள சட்டம் பளபளப்பாகவும், உள்ளே வரிகள் ஓடும் அலுமினியத் தகடு மங்கலாகவும் இருக்கும். ஆகவே உட்பகுதிக்கு மங்கலான அலுமினிய வண்ணம் பூசினேன். இந்த வேறுபாட்டைக் காட்டாத மாடல்கள் எவ்வளவு நன்றாக வண்ணம் பூசப்பட்டிருந்தாலும் பொம்மை போலவே தெரிகின்றன.

துடுப்பின் மேல் பொன்னிறத்தில் இருக்க வேண்டிய ‘பெல் ஏர்’ எழுத்துகளுக்கு வேறு வழி. வண்ணம் அடிப்பதற்கு முன்பே, பிரைமர் காய்ந்தவுடன், எழுத்துகளின் மேல் ஒரு சதுரம் அலுமினியத் தாளை ஒட்டி அழுத்திவிட வேண்டும். வண்ணம் முழுவதும் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு, விரல் நுனியில் பாலிஷ் தொட்டு எழுத்தின் மேட்டை மட்டும் தேய்த்தால், வண்ணம் அகன்று உள்ளிருந்து உலோகம் தலைகாட்டும். அதன் மேல் ஒளி ஊடுருவும் மஞ்சளை ஒரு துளி விட்டால் பொன்னாகிவிடும். நகத்தளவுகூட இல்லாத அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிவந்த அந்த அரை மணி நேரம்தான் இந்தக் கிட் எனக்குத் தந்த மிகப் பெரிய மகிழ்ச்சி.

குரோம் உறுப்புகளைப் பற்றி இவ்வளவு நல்லதைச் சொல்ல முடியாது. பம்பர்களின் நடுவில் அச்சின் இணைப்புக் கோடு பூச்சுக்கு அடியில் அப்படியே ஓடுகிறது. அதைத் தேய்த்தால் குரோம் போய்விடும். நான் எல்லாவற்றையும் வீட்டில் துணிக்குப் போடும் பிளீச்சில் போட்டுப் பூச்சை நீக்கி, கோட்டைத் தேய்த்து, பளபளப்பான கறுப்பு அடிப்பூச்சின் மேல் மீண்டும் குரோம் வண்ணம் அடித்தேன். வேலை இரட்டிப்பாயிற்று என்றாலும், கிரில்லின் மெல்லிய கம்பிகள் அதன் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தன.

முதல் முறையாகக் கார் மாடல் கட்டுபவர் இதைத் தொழிற்சாலை வகையில், குரோமை அப்படியே விட்டுக் கட்டினால் திருப்தியான ஒரு பெல் ஏர் கிடைக்கும். கஸ்டம் கட்ட விரும்புகிறவர், பெட்டியில் வரும் கஸ்டம் உறுப்புகளை நம்பாமல், நல்ல வார்ப்பிலான ஓர் உடலை வாங்குகிறோம் என்று எண்ணி வாங்கலாம். அந்த எண்ணத்தில் இது விலைக்குத் தகும். வாங்கியவுடன் கண்ணாடி உறுப்புகளை மட்டும் தனிப் பையில் எடுத்து வைத்துவிடுங்கள். என் பெட்டியில் அவை டயர்களோடு ஒன்றாகக் கிடந்து, முன் கண்ணாடியில் ஓட்டுநர் பக்கம் ஒரு கீறல் விழுந்திருந்தது. 2000 எண் தாளும் பாலிஷும் கொண்டு அதைப் போக்கிவிட்டாலும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் இன்னும் எனக்குத் தெரிகிறது.