பதின்மூன்று வருஷமாக எங்கள் வீட்டுச் சினிமாச் சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணும் ப்ளூரே பிளேயர்

2012 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு ப்ளூரே பிளேயர், அதாவது டிவிடிக்கு அடுத்து வந்த டிஸ்க்கை ஓட்டும் பெட்டி, வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. அந்த மாடல் எப்போதோ நின்றுபோனது, சொல்லியும் யாருக்கும் பிரயோஜனமில்லை. விலை ஆறாயிரத்துச் சொச்சம். வீட்டில் நான் சொன்ன காரணம், குழந்தைக்கு கார்ட்டூன் போட்டுக் காட்டலாம் என்பது. குழந்தைக்கு அப்போது பத்து மாதம். உண்மையான காரணம் என் மச்சினன்.

எனக்கும் அவனுக்கும் சொத்துத் தகராறு ஒன்றும் கிடையாது. எல்லாம் சினிமாத் தகராறு. 2010-ல் 'இன்செப்ஷன்' பார்த்துவிட்டு வெளியே வந்து, பார்க்கிங்கில் வண்டியை எடுக்காமலே அரை மணி நேரம் நின்றோம். அந்தப் படத்தில் அடுத்தவர் கனவுக்குள் புகும் காப், அமெரிக்காவுக்குள் வந்தால் பிடித்துவிடுவார்கள் என்பதால் குழந்தைகளைப் பிரிந்திருக்கிறான்; இருப்பது கனவா நிஜமா என்று பார்க்க ஒரு பம்பரத்தைச் சுற்றிவிடுவான். கடைசியில் அந்தப் பம்பரம் விழுகிறதா, விழவில்லையா? விழுந்தால் காப் நிஜ உலகத்துக்கு வந்துவிட்டான், சுற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் கனவில்தான் இருக்கிறான். படம் அதைச் சொல்லாமல் திரையைக் கறுப்பாக்கிவிடுகிறது. நான் வந்துவிட்டான் கட்சி. மச்சினன் வரவில்லை கட்சி. இரண்டு வருஷம் கல்யாணம், காதுகுத்து எதையும் விடாமல் இதையே பேசியதில், "அந்தப் படத்தை வாங்கிப் போட்டுப் பார்த்துத் தொலைங்களேன்" என்று மனைவி சொன்னாள். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

வாங்கியதற்கு முதல் பலன், ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும் வசதி. நிறுத்திவிட்டு ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் ஒரு பிரேம் நகரும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். கடைசி ஷாட்டில் அந்தப் பம்பரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க நகர்த்தினோம். கறுப்பாவதற்குச் சற்று முன்னால் அது லேசாகத் தள்ளாடுவது தெளிவாகத் தெரிந்தது.

"பாத்தியா, ஆடுது. விழப்போகுது" என்றேன்.

"பம்பரம்னா ஆடத்தான் செய்யும் மாமா. விழுந்துச்சா? அதக் காட்டுங்க."

அவ்வளவுதான். ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த தீர்ப்பு.

ஆனால் அந்த நகர்த்தலில் வேறு பல விஷயங்கள் மாட்டின. அந்தப் பம்பரம் முதலில் காப்புடையதே அல்ல, அவன் மனைவி மாலுடையது. அவன் கூட்டாளிகளில் ஆர்தருக்குத் தாயக்கட்டை, அரியட்னிக்குச் சதுரங்கக் காய் என்று ஆளுக்கொரு அடையாளப் பொருள் இருக்கும்போது, காப் மட்டும் இன்னொருவர் பொருளை நம்பிக்கொண்டு திரிகிறான். அப்புறம் மோதிரம். கனவுக் காட்சிகளில் அவன் விரலில் கல்யாண மோதிரம் இருக்கிறது, நிஜக் காட்சிகளில் இல்லை. கடைசியில் பாஸ்போர்ட்டை நீட்டும் கையை நிறுத்தி வைத்துப் பார்த்தோம். மோதிரம் இல்லை. அன்றைக்கு நான் இரண்டு தட்டு பஜ்ஜி சாப்பிட்டேன்.

குழந்தைகள் விஷயம் இன்னும் ருசியானது. கனவில் வரும்போதும் கடைசியிலும் ஒரே உடை, ஒரே இடம், அதனால் இதுவும் கனவு என்பதுதான் மச்சினனின் பிரம்மாஸ்திரம். படத்தின் உடை வடிவமைப்பாளரோ இரண்டும் வேறு வேறு உடை, ஷூகூட வேறு என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு நிஜமாக உதவியது கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல். ஒவ்வொரு குழந்தைக்கும் வயதைப் போட்டு இரண்டிரண்டு நடிகர்கள். மூத்தவளுக்கு ஐந்து வயதில் ஒருத்தி, மூன்று வயதில் ஒருத்தி. நினைவில் இருக்கும் குழந்தைகளைவிடக் கடைசியில் திரும்பிப் பார்க்கும் குழந்தைகள் பெரியவர்கள் என்றுதானே அர்த்தம்? இதைத் தியேட்டரில் உட்கார்ந்து படித்தவர் யார்? இன்றைக்கு ஓடிடியில் பட்டியல் தொடங்கியதுமே அதைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி மூலையில் தள்ளிவிட்டு அடுத்த படத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். டிஸ்க்கில் அந்த அவசரம் கிடையாது. இந்த ஒன்றுக்காகவே பெட்டிக்குப் பத்துக்கு எட்டு மார்க் கொடுப்பேன்.

வெளியிலிருந்தும் எனக்குச் சாட்சி சேர்ந்தது. நீ வரும் காட்சிகளெல்லாம் நிஜம் என்று இயக்குநர் நோலன் தன்னிடம் சொன்னதாக 2018-ல் நடிகர் மைக்கேல் கெய்ன் சொன்னார். கடைசிக் காட்சியில் குழந்தைகளின் தாத்தாவாக கெய்ன் இருக்கிறார். போனிலேயே துள்ளினேன். மச்சினன் அசரவில்லை. நோலனே 2015-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் மாணவர்களிடம், காப் தன் குழந்தைகளோடு தன் சொந்த யதார்த்தத்தில் இருக்கிறான், பம்பரத்தைப் பற்றி அவனுக்கு இனி அக்கறையில்லை என்கிற மாதிரிப் பேசியிருப்பதை எடுத்துப் போட்டான். கூடவே ஒரு சட்டமும் கொண்டுவந்தான். "வெளியில சொல்றது எதுவும் செல்லாது மாமா. ஸ்கிரீன்ல இருந்தா மட்டும்தான் சாட்சி."

நல்ல சட்டம்தான். நானும் ஒப்புக்கொண்டேன். அதற்குள், 2014-லேயே, அந்தச் சட்டத்தை உடைக்கும் சம்பவம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்து முடிந்திருந்தது என்பது இருவருக்கும் மறந்துவிட்டது.

அமெரிக்காவிலிருந்து வந்த பெரியப்பா மகன் நான்கு டிஸ்க் கொண்டுவந்திருந்தான். ப்ளூரேயில் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, நாம் சி. வேறு மண்டலத்து டிஸ்க்கைப் போட்டால் பெட்டி மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். சில டிஸ்க்குகளில் அந்தப் பூட்டு இருக்காது. நான்கில் இரண்டு ஓடின. அதில் ஒன்று ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்'. 1982-ல் வந்த படம், என்னிடம் வந்தது 2007-ன் இறுதிப் பதிப்பு.

கதை தெரியாதவர்களுக்கு: ரெப்ளிகன்ட் என்கிற செயற்கை மனிதர்கள் சிலர் தப்பி பூமிக்கு வந்துவிடுகிறார்கள், டெக்கார்டு என்ற போலீஸ்காரன் அவர்களைத் தேடிச் சுட வேண்டும். அவனே ஒரு ரெப்ளிகன்ட்டா என்பது பல பத்தாண்டுச் சண்டை. மச்சினன் ஆமாம் கட்சி. அவன் கையில் ஒரு கணக்கு இருந்தது. "ஆறு பேர் தப்பிக்கிறாங்க. ஒருத்தர் கரண்ட்டுல மாட்டி செத்துட்டாங்கன்னு ஆபீசர் சொல்றார். மீதி அஞ்சு. படத்துல நாலு பேரத்தான் பாக்குறோம். அஞ்சாவது ஆள் எங்க? டெக்கார்டுதான் மாமா அது."

"ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர்னு சொல்றார். ஆறுல ரெண்டு போனா நாலு. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றேன்.

பந்தயம் கட்டினோம். பிரியாணி. டிஸ்க்கைப் போட்டு அந்த இடத்துக்குப் போனால், அதிகாரி பிரையன்ட் தெளிவாக "இரண்டு" என்கிறார். மூன்று தடவை பின்னால் ஓட்டினோம். சப்டைட்டிலிலும் இரண்டு. மச்சினன் முகம் விழுந்துவிட்டது. "என் காதால கேட்டேன் மாமா" என்றான், ஏதோ வீட்டில் திருடு போன மாதிரி. பிரியாணி அவன் செலவில் வந்தது. பாதிதான் சாப்பிட்டான்.

அடுத்த மாதம் ஒரு பழைய டிவிடியோடு வந்து நின்றான். அது 1992-ல் வந்த இயக்குநர் பதிப்பு. நம் பெட்டி டிவிடியும் ஓட்டும். போட்டான். பிரையன்ட் "ஒன்று" என்றார்.

இரண்டு பேரும் சரி. திரைக்கதையில் மேரி என்று இன்னொரு ரெப்ளிகன்ட் இருந்திருக்கிறாள். அவள் வரும் காட்சிகளைக் கைவிட்டவர்கள் வசனத்தில் எண்ணிக்கையை மாற்ற மறந்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து இறுதிப் பதிப்பில் திருத்தினார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க ரசிகர்கள் எவ்வளவு மூளையைச் செலவழித்திருப்பார்கள்! பிரியாணிக் காசைத் திருப்பிக் கேட்டான். பாதி கொடுத்தேன்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. "கணக்கு தப்பாப் போனா போகட்டும், யூனிகார்ன் இருக்கே" என்றான். 1992 பதிப்பில் டெக்கார்டு ஒற்றைக் கொம்புக் குதிரையைக் கனவில் காண்கிறான். கடைசியில் காஃப் என்கிற சக போலீஸ்காரர் காகிதத்தில் மடித்த அதே குதிரையை அவன் வாசலில் விட்டுப் போகிறார். அவன் கனவு இவருக்கு எப்படித் தெரியும்? 1982-ல் தியேட்டரில் பார்த்தவர்களுக்குக் காகிதக் குதிரை மட்டும்தான், கனவு கிடையாது. இயக்குநர் ஸ்காட் டெக்கார்டு ரெப்ளிகன்ட்தான் என்கிறார். நடித்த ஹாரிசன் ஃபோர்டு நெடுங்காலம் மனிதன் என்றே வாதாடினார். அவர்களுக்குள்ளேயே இந்த நிலை என்றால் நாங்கள் எந்த மூலைக்கு?

ஹாரிசன் ஃபோர்டுக்கு இதே பிழைப்பு போலிருக்கிறது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் மதுக்கடையில் தன்னைப் பிடிக்க வந்த கிரீடோ என்கிற கூலியாளை அவர் சுடுவார். 1977-ல் அவர் மட்டும்தான் சுட்டார். 1997 பதிப்பில் கிரீடோ முதலில் சுட்டான். 2004-ல் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். 2019 நவம்பரில் அமெரிக்காவில் டிஸ்னியின் ஓடிடி தொடங்கியபோது பார்த்தால் கிரீடோ வாயில் "மக்லங்கி" என்று புதிதாக ஒரு சொல். அதே பெரியப்பா மகன்தான் இரவோடு இரவாக அனுப்பினான். 'பிளேடு ரன்னர்' கதை நடப்பதும் 2019 நவம்பரில்தான் என்பதால் நாங்கள் அந்த வாரம் அதை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அதே வருஷம் மே மாதம் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனில் விருந்து மேஜையில் ஒரு காபி கோப்பை தெரிந்தது ஞாபகம் இருக்கும். ஓரிரு நாளில் அதை ஓடிடியிலிருந்து அழித்துவிட்டார்கள். தாமதமாகப் பார்த்த மச்சினன், "எந்தக் கோப்பை? சும்மா கதை விடாதீங்க" என்று என்னிடமே கேட்டான். டிஸ்க் என்றால் ஒரு தடவை அச்சடித்தது அப்படியே கிடக்கும், நல்லதோ கெட்டதோ.

குறைகளையும் சொல்ல வேண்டும். டிஸ்க் போட்டால் படம் வர ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும், சண்டை சூடாக இருக்கும்போது அது ஒரு யுகம். மூன்றாம் வருஷம் தட்டு வெளியே வராமல் சிக்கியது. சர்வீஸ் சென்டரில் இரண்டு வாரம் வைத்திருந்து, பார்ட்ஸ் இல்லை என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. ரிச்சி தெருவிலேயே அதே அளவில் ஒன்று இருபது ரூபாய்க்குக் கிடைத்தது. ரிமோட்டில் பிரேம் நகர்த்தும் பொத்தான் மட்டும் எழுத்தழிந்து வழுவழுவென்றிருக்கிறது, மற்றதெல்லாம் புத்தம் புதிது. 2016-க்குப் பிறகு கம்பெனி மென்பொருள் அப்டேட் தரவில்லை, அதனால் சில புது டிஸ்க்குகள் மெனுவோடு நின்றுவிடும். இன்றைக்கு யாராவது பழையதாக வாங்குவதென்றால் முதலில் தட்டை நாலு தடவை திறந்து மூடிப் பாருங்கள், ஒரிஜினல் ரிமோட் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

என் மாமியாருக்கு இந்தப் பெட்டி மேல் மரியாதை கிடையாது. அவரிடம் வாரா வாரம் கிழித்து பைண்டு செய்த 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. கல்கி அதை எழுதியது 1950 முதல் 1954 வரை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அவர் தெளிவாகச் சொல்லாமல் விட்டுவிட்டதால் அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறைச் சண்டை. 2023-ல் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு, "அத்தை, கல்வெட்டே இருக்கு" என்று உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துவிட்டேன். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன் பெயரெல்லாம் அதில் இருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, அடுத்துப் பட்டத்துக்கு வந்த உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கு உண்டா என்பதில் வரலாற்றாசிரியர்கள் நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவப் பண்டாரத்தாரும் எதிரெதிர்க் கட்சி என்று. "கல்லுல வெட்டினதுக்கே இந்தக் கதி. நீங்க தட்டுல தேடுறீங்க" என்று பைண்டை மூடி வைத்தார் அத்தை.

போன மாதம் மகள் 'இன்செப்ஷன்' பார்த்தாள். பதின்மூன்று வயது. பம்பரம் வந்ததும் நானும் மச்சினனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தக் கட்சி என்று தெரிய வேண்டுமே. அவள் பம்பரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அப்பா, அந்தத் தாத்தா பாரிஸ்ல இருக்காரு. அமெரிக்காவுக்கும் போயிட்டு வராரு. காப் அமெரிக்கா போனா அவரத்தான புடிப்பாங்க, கொழந்தைங்கள இல்லையே? தாத்தா ஒரு லீவுக்குப் பசங்களக் கூட்டிட்டு பாரிஸ் வந்திருந்தா இவ்வளவும் எதுக்கு?"

மச்சினன் ரிமோட்டைக் கையில் எடுத்தான். எந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, என் பக்கம் நீட்டினான்.