ஸ்டான்லி பார்க்கா, ஆன்ஃபீல்டேவா? சீட் கணக்கு போட்டு பாப்போம்

லிவர்பூல் ஃபுட்பால் மேட்ச்ல மேல இருந்து ஒரு ஷாட் காட்டுவாங்கல்ல, ஸ்டேடியத்த ஒட்டுன மாதிரி பச்சையா பெருசா ஒண்ணு தெரியும், அதுதான் ஸ்டான்லி பார்க். 1870ல திறந்தது, எட்வர்ட் கெம்ப் போட்ட டிசைன், சுமார் 110 ஏக்கர். பார்க்குக்கு இந்தப் பக்கம் லிவர்பூலோட ஸ்டேடியம் ஆன்ஃபீல்ட், அந்தப் பக்கம் அதே ஊர் டீம் எவர்ட்டனோட பழைய ஸ்டேடியம் குடிசன் பார்க், நடுவுல ஒரு மைல் கூட கிடையாது. எவர்ட்டன்காரங்க மொதல்ல பந்து ஆடுனதே இந்தப் பார்க்லதான், அப்புறம் 1884ல ஆன்ஃபீல்டுக்கு வந்தாங்க, ஜான் ஹோல்டிங்கோட வாடகைத் தகராறு ஆகி 1892ல குடிசனுக்குப் போனாங்க, காலியான கிரவுண்டுக்குன்னு ஹோல்டிங் ஆரம்பிச்ச டீம்தான் லிவர்பூல். பங்காளி சண்டை மாதிரி.

இந்தப் பார்க்குக்குள்ளயே புது ஸ்டேடியம் கட்டலாம்னு லிவர்பூல் கிளப் 2002ல இருந்து பத்து வருஷம் பேசிட்டு இருந்துச்சு. இன்னொரு வழி, இருக்கிற ஆன்ஃபீல்டையே ஒவ்வொரு பக்கத்து கேலரியா, அதாவது ஸ்டாண்டா, பெருசாக்குறது. எது சரின்னு ஃபேன்ஸ் இன்னிக்கும் அடிச்சுக்கிறாங்க. நானும் என் பங்குக்கு ஒரு கணக்கு போட்டேன்.

பார்க் பிளான் பேப்பர்ல செம கவர்ச்சி. 2006ல சிட்டி கவுன்சில் 999 வருஷ லீஸுக்கு ஓகே சொல்லிடுச்சு. 2007 பிப்ரவரில அமெரிக்காக்காரங்க டாம் ஹிக்ஸும் ஜார்ஜ் ஜில்லெட்டும் கிளப்ப வாங்குனாங்க, அறுபது நாள்ல மண்வெட்டி மண்ணுல இறங்கிடும்னு ஜில்லெட் சொன்னாரு, அந்த மண்வெட்டி கடைசி வரைக்கும் இறங்கவே இல்ல. டல்லாஸ்ல இருக்கிற ஹெச்கேஎஸ் கம்பெனி போட்ட டிசைன்ல 60,000 சீட், அதுல தீவிர ஃபேன்ஸ் உக்கார்ற காப் ஸ்டாண்ட் மட்டுமே 18,000. அந்தப் படத்த ஃபேன்ஸ் வால்பேப்பரா வெச்சுக்கிட்டு திரிஞ்சாங்க, நானுந்தான். 2008ல உலகமே கடன் நெருக்கடில மாட்டுனதும் பிளான் அப்படியே படுத்துருச்சு.

இப்போ கணக்கு. புது ஸ்டேடியம் 60,000 சீட்னு சொல்றப்போ ஒரு விஷயத்த மறந்துடுறோம், பழைய ஆன்ஃபீல்ட்ல ஏற்கனவே 45,000 சீட் இருந்துச்சு, அத இடிச்சுட்டுத்தான இங்க வரணும், அப்போ உண்மைல கூடுறது 15,000தான். அதுக்கு 300 மில்லியன் பவுண்டுக்கு மேல செலவு. ஒரு கூடுதல் சீட்டுக்கு 20,000 பவுண்டு ஆச்சு. இந்தப் பக்கம் 2016ல மெயின் ஸ்டாண்ட சுமார் 110 மில்லியன்ல பெருசாக்கி 8,500 சீட் சேர்த்தாங்க, அப்புறம் ஆன்ஃபீல்ட் ரோடு ஸ்டாண்டுக்கு 80 மில்லியன் போட்டு இன்னும் 7,000. ரெண்டையும் கூட்டி வகுத்தா சீட்டுக்கு 12,000 பக்கம் வருது. 2007 விலைவாசியும் பத்து வருஷம் கழிச்சு இருந்த விலைவாசியும் வேற வேற, அதையும் சேர்த்துப் பாத்தா வித்தியாசம் இன்னும் பெருசாகத்தான் செய்யும். 2010ல கிளப்ப 300 மில்லியனுக்கு வாங்குன ஜான் ஹென்றி குரூப் 2012 அக்டோபர்ல ஆன்ஃபீல்ட்லயே இருக்கோம்னு சொன்னதுக்கு பாசமெல்லாம் காரணம்னு நான் நம்பல, கணக்குதான்.

இன்னொரு லாபம், மேட்ச் நிக்கவே இல்ல. பழைய மெயின் ஸ்டாண்ட்ல ஜனங்க உக்காந்து பாத்துட்டு இருக்கிறப்பவே அதுக்குப் பின்னாடி புது ஸ்டாண்ட் இரும்பு எலும்புக்கூடா எந்திரிச்சுச்சு, கூரையத் தாங்குற ஒரு இரும்புச் சட்டம் மட்டும் 140 மீட்டர் நீளம், 650 டன் எடை. அத அப்படியே மேல தூக்கி வெச்சுட்டு, 2016 கோடை லீவுல பழசப் பிரிச்சாங்க. டிவில ஒவ்வொரு வாரமும் கூரைக்குப் பின்னாடி கிரேன் உயர்ந்துட்டே போறத பாக்குறதே தனி சுகம். ஆனா எல்லாம் சுமூகமா போச்சுன்னு சொல்ல முடியாது, ஆன்ஃபீல்ட் ரோடு வேலை நடக்குறப்போ 2023 ஆகஸ்ட்ல காண்ட்ராக்டர் பக்கிங்ஹாம் குரூப் திவாலாகி, சீசன் பாதி வரைக்கும் மேல் அடுக்கு காலியா நின்னுச்சு. அந்த டிசம்பர்ல மான்செஸ்டர் யுனைடெட் மேட்சுக்குத்தான் கொஞ்சம் திறந்து 57,000 பேர உள்ள விட்டாங்க.

சரி, பார்க்குக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்? பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற பார்க் இது, உள்ள 1899ல கட்டுன கண்ணாடி மாளிகையும் இருக்கு. ஆனா ஸ்டேடியம் கேட்டது ஆன்ஃபீல்ட் பக்கத்து ஓரத்தத்தான், அங்க ஏற்கனவே கார் பார்க்கும் ஒரு ஸ்போர்ட்ஸ் சென்டரும் இருந்துச்சு, பதிலுக்கு பழைய கிரவுண்டு இருந்த இடத்துல பொது வெளி விடுறோம்னாங்க. அதனால மொத்த பார்க்கும் அழிஞ்சிருக்கும்னு சொல்றவங்க கொஞ்சம் ஓவரா பேசுறாங்க. ஆனாலும் 999 வருஷ லீஸ்னா அந்த மண்ணு திரும்பி வராதுன்னுதான் அர்த்தம், பார்க் பார்க்காவே இருக்கட்டும்கிறதுக்குத்தான் என் ஓட்டு.

எவர்ட்டனையும் பக்கத்துல வெச்சுப் பாக்கணும். குடிசன்ல ஒரு மூலைல சர்ச்சே ஒட்டிக்கிட்டு நிக்குது, சுத்தி வீடுங்க, நகரவே வழியில்ல. வால்டன் ஹால் பார்க்ல கட்டலாம்னு 2014ல ஒரு பிளான் வந்து 2016ல செத்துப்போச்சு, அதுவும் பார்க்தான் பாருங்க. கடைசில பிராம்லி மூர் கப்பல்துறைல மணல் கொட்டி நிரப்பி 52,000 சொச்சம் சீட்ல கட்டி 2025ல குடி போனாங்க, செலவு 500 மில்லியனத் தாண்டிடுச்சு. லிவர்பூல் துறைமுகத்த யுனெஸ்கோ 2021ல உலகப் பாரம்பரியப் பட்டியல்ல இருந்து தூக்குனதுக்கு சொன்ன காரணங்கள்ல இந்த ஸ்டேடியமும் ஒண்ணு. ஸ்டேடியம் பாக்க அழகா இருக்கு, மெர்சி ஆத்து ஓரம் வேற. நமக்கு ஏன் பொறாமை.

ஆன்ஃபீல்ட பெருசாக்குனத சும்மா கெடச்ச லாபம் மாதிரி பேசுறப்போதான் எனக்கு ஒரு மாதிரி ஆகும். மெயின் ஸ்டாண்டுக்குப் பின்னாடி லோத்தேர் ரோடுன்னு ஒரு தெரு இருந்துச்சு, வரிசையா ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன வீடுங்க. பார்க்கா இங்கயேவான்னு முடிவாகாம இழுத்த வருஷங்கள்ல கிளப் வாங்கிப் போட்ட வீடுங்க காலியாக் கிடந்துச்சு, ஜன்னல்ல பலகை அடிச்சு, பக்கத்து வீட்ல ஆளுங்க குடியிருக்கிறப்பவே. அப்புறம் இடிச்சாங்க. இந்த வீடுங்க என்னோட 12,000 பவுண்டு கணக்குல எங்கயும் வரல. மேட்ச் அன்னிக்கு மெயின் ஸ்டாண்ட் முன்னாடி ஜனங்க பர்கரோட நிக்கிற அந்த அகலமான இடம் ஒரு காலத்துல யாரோ ஒருத்தரோட வாசப்படி.